அப்பா பார்க்க வந்த ஆட்டம்

கோல்டர், மொன்டானா
21 ஜூன் 1983

அன்புள்ள அக்கா,

சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் ஒன்றரை நாள் மடங்கி உட்கார்ந்ததில் இடுப்புதான் நிமிர மாட்டேன் என்கிறது. அப்பாவின் இடுப்புவலி எப்படி இருக்கிறது? நான் இல்லாமல் சாயந்திரக் கறவையை நீங்கள் இரண்டு பேருமே முடிக்கிறீர்களா, ஆள் வைத்திருக்கிறீர்களா?

மைதானம் தானியக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. காற்று அடித்தால் வாயெல்லாம் கோதுமைத் தூசி. எங்கள் பேஸ்பால் குழுவில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் முடித்து நேராக வந்தவர்கள். இருபத்திரண்டு வயதுக்காரனான என்னைத் "தாத்தா" என்று கூப்பிடுகிறார்கள். நேற்று ஓடும்போது ஒருவன், "தாத்தா, மெதுவா! பல்செட்டு விழுந்துடப் போகுது" என்றான். ஆனால் அவன் வீசும் பந்தைக் கண்ணால் பார்க்க முடிவதில்லை, சத்தம்தான் கேட்கிறது.

மேனேஜர் பெயர் ஹாஸ்கல். முதல் நாளே கேட்டார்.

"காலேஜ்ல என்ன படிச்ச?"

"கணக்கு சார்."

"அப்ப நீயே கணக்குப் போட்டுப் பாரு. இங்க இருக்கற கூட்டத்துல பெரிய லீக்குக்கு மேல போகப் போறது ரெண்டு பேர். அந்த ரெண்டு பேரும் யாருன்னு எனக்கு இப்பவே தெரியும்."

"நான் அதுல உண்டா சார்?"

"கணக்குப் படிச்சவன்தானே நீ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மிஸஸ் டட்டில் என்ற அம்மாள் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறேன். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஆட்டம் விடாமல் பார்ப்பவர். சமையல் நன்றாக இருக்கிறது. உன் சமையலை விட நன்றாக இருக்கிறது என்று எழுதினால் கோபித்துக்கொள்வாய், அதனால் எழுதவில்லை.

அப்பாவிடம் சொல். இங்கே ஆட்டங்கள் ஏழு மணிக்குத்தான் தொடங்குகின்றன. நாலு வருஷம் கல்லூரி மைதானம் நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தும் அவர் நான் பந்து வீசி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஆட்டம் நாலு மணிக்கு; மாடுகளுக்கு மடி கனப்பது ஐந்து மணிக்கு. அவர் என்ன செய்வார்? இந்த வருஷமாவது வரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
கேலன்

*

லேக் ஆக்னஸ், மினசோட்டா
3 ஜூலை 1983

அன்புள்ள கேலன்,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அப்பா இடுப்பைப் பற்றிக் கேட்டால் "எந்த இடுப்பு?" என்கிறார். படியேறும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார், நான் பார்த்தால் விட்டுவிடுகிறார்.

தீவனக் கடையில் அவர் அடிக்கும் கூத்தைச் சொல்ல வேண்டும். யார் வந்தாலும், "எங்க கேலன் இப்ப விளையாடறதுக்குச் சம்பளம் வாங்கறான்" என்று தொடங்கிவிடுகிறார். போன வாரம் பக்கத்துப் பண்ணை லாரன்ஸ், "விளையாடறதுக்கா? நான் நாள் பூரா மாடா உழைக்கறேன், எனக்கே ஒருத்தனும் தர மாட்டேங்கறான்" என்றார். கடையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "உன் கையில அவ்வளவு வேகம் இருக்கா?" என்று கேட்டாராம்.

ஓட்ஸ் அறுவடை முடிந்ததும் ஆகஸ்டில் அங்கே வருவதாக முடிவு செய்துவிட்டார். மாடுகளை லாரன்ஸ் பார்த்துக்கொள்வார். அம்மா போனபிறகு அவர் இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போவது இதுதான் முதல் தடவை. நான் வரவில்லை, ஒருவராவது இங்கே இருக்க வேண்டும்.

டெல்மருக்கு ஆரிகனில் மின்சாரக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் போகிறான். என்னையும் வரச் சொல்கிறான், கல்யாணம் செய்துகொண்டு.

"பார்க்கலாம்" என்றேன்.

"ஆறு வருஷமா பாத்துக்கிட்டுதானே இருக்கோம் லுவான்? இன்னும் என்னத்தைப் பாக்கப் போற?" என்றான்.

நான் போய்விட்டால் முப்பத்தெட்டு மாடுகளோடு அப்பா தனியாக... சரி, அதை விடு. நீ ஆட்டத்தைக் கவனி.

பச்சைக் காய்கறி சாப்பிடு. கையைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அன்புடன்
லுவான்

*

கோல்டர்
18 ஜூலை 1983

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், வாரம் முழுக்கப் பஸ்ஸிலேயே போகிறது.

இதுவரை மூன்று முறை பந்து வீசினேன். ஒன்று நன்றாக இருந்தது. மற்ற இரண்டும் சுமார். முழங்கையில் லேசாகப் பிடிப்பு, மலைக்குளிர் என்று நினைக்கிறேன். சரியாகிவிடும்.

டெல்மர் நல்லவன். நீ என்ன முடிவு செய்தாய் என்று எழுது.

அப்பா எப்போது வருகிறார் என்று முன்கூட்டியே சொல்.

கேலன்

*

கோல்டர்
31 ஜூலை 1983

டோபி,

எப்படிடா இருக்கிறாய்? உன் மனைவியும் குழந்தையும் சுகமா? மாமனாரின் வன்பொருள் கடையில் ஆணி எண்ணிக்கொண்டிருப்பாய். கல்லூரியில் நாலு வருஷம் என் பந்தைப் பிடித்தவன் என்பதால் உனக்கு மட்டும் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதே.

என்னை அனுப்பிவிட்டார்கள். போன திங்கட்கிழமை.

ஹாஸ்கல் அறைக்குக் கூப்பிட்டார். போனேன்.

"முழங்கை எத்தனை நாளா வலிக்குது?"

"வலிக்கலை சார்."

"அப்படியா? அந்த அலமாரி மேல என் தொப்பி இருக்கு பாரு. இடது கையால எடுத்துக் குடு."

பந்து வீசும் அந்தக் கையை உயர்த்தினேன். தோளுக்கு மேல் போகவில்லை. முகத்தை மட்டும் மாறாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து தானே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"பொய் சொல்றதுல நீ கெட்டிக்காரன் இல்ல, தம்பி. நல்லதுதான். வீட்டுக்குப் போ. உனக்கு ஒரு படிப்பாவது இருக்கு. வெளியில நிக்கறானுங்களே, அவனுங்களை அனுப்பறதுதான் எனக்குக் கஷ்டம்."

கோபப்படவும் முடியவில்லை. வசந்தத்தில் நம் கடைசிப் போட்டியிலேயே அந்தக் கை போய்விட்டது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

பஸ் டிக்கெட் கொடுத்தார்கள். நிலையம் வரை போய் ஊர் பஸ் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் ஊர்த் தீவனக் கடையில் அப்பா என்னைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. நான் அந்தக் கடை வாசலில் பையோடு போய் இறங்கினால் அவர் என்ன சொல்வார்? என்ன சொல்வார் என்பதுகூட இல்லை. ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான்.

மிஸஸ் டட்டிலின் மருமகன் மூலம் ரொட்டி வண்டி ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது. சுற்றியுள்ள சின்ன ஊர்களின் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போட வேண்டும். தட்டுகளை வலது கையால் தூக்கப் பழகிக்கொண்டேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சரியான நேரம் பார்த்துச் சொல்வேன்.

கேலன்

*

மார்ஷல், மினசோட்டா
6 ஆகஸ்ட் 1983

டேய் கழுதை,

நாங்கள் மூவரும் சுகம். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். மனசு கேட்காமல் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். மாமனார் "ஆணி தொலஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

அந்தக் கடைசிப் போட்டியில் ஏழாவது இன்னிங்ஸில் நான் உன்னிடம் நடந்து வந்தேன், நினைவிருக்கிறதா? உன் பந்தில் உயிர் இல்லை என்று என் கையுறைக்குத் தெரிந்துவிட்டது. "போதும்டா" என்று சொல்லத்தான் வந்தேன். நீ என்னைப் பார்த்த பார்வையில், "தாழ்வா போடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். உன்னோடு சேர்த்து அதை நானும்தான் சுமக்கிறேன். ஆனால் இது வேறு.

வீட்டுக்கு எழுது. நாலு வருஷம் உன் பந்தைப் பிடித்தேன், உன் பொய்யையும் நான் பிடிக்க வேண்டுமா? உங்கள் வீட்டுக்கு நானாகப் போன் செய்ய மாட்டேன். உன் அக்கா என்னைக் கேட்டால் இல்லை என்று சொல்லவும் மாட்டேன். லுவானிடம் யாராலும் பொய் சொல்ல முடியாது, அந்த அம்மா பார்க்கிற விதம் அப்படி.

முழங்கையை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. குதிரைக்குத் தடவுகிற தைலத்தைத் தடவாதே, உன்னை எனக்குத் தெரியும்.

டோபி

*

லேக் ஆக்னஸ்
9 ஆகஸ்ட் 1983

அன்புள்ள கேலன்,

நீ சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். கொஞ்ச நாளாக எழுதவில்லை, வேலை அதிகம். இங்கே மழை இல்லாததால் அறுவடை வேகமாக நடக்கிறது. அப்பா இருபதாம் தேதி வாக்கில் புறப்படுவார் போலிருக்கிறது. முடி வெட்டிக்கொண்டார். காருக்கு எண்ணெய் மாற்றினார். உனக்காகப் புகைபோட்ட தொத்திறைச்சி ஒரு பெட்டி நிறையக் கட்டி வைத்திருக்கிறார்.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா? அங்கே உனக்குப் பேச யாராவது இருக்கிறார்களா?

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் எழுது. தபால் வந்தால் நான்தான் முதலில் பிரிக்கிறேன். அப்பா கொட்டகையில் இருப்பார்.

டெல்மர் செப்டம்பர் ஆறாம் தேதி போகிறான். அதைப் பற்றிப் பிறகு.

அன்புடன்
லுவான்

*

கோல்டர்
14 ஆகஸ்ட் 1983

அன்புள்ள அக்கா,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

அப்பாவை இப்போது வர வேண்டாம் என்று சொல். பதினெட்டாம் தேதியிலிருந்து மாத முடிவு வரை எங்களுக்கு எல்லா ஆட்டமும் வெளியூரில். ஐடஹோ வரை போகிறோம். அவ்வளவு தூரம் வந்து வெறும் மைதானத்தைப் பார்ப்பானேன்? அடுத்த வருஷம் நிச்சயம் வரட்டும். தொத்திறைச்சியை நீங்களே சாப்பிடுங்கள்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

கேலன்

*

கோல்டர்
24 ஆகஸ்ட் 1983

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் உன்னை நல்லபடியாகக் காணட்டும். அப்பா பத்திரமாக வீடு சேர்ந்திருப்பார். அவர் உன்னிடம் எவ்வளவு சொன்னார் என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் நானே எழுதுகிறேன்.

ஜூலை இருபத்தைந்தாம் தேதி என்னைக் குழுவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். முழங்கை போய்விட்டது. அன்றிலிருந்து ரொட்டி வண்டி ஓட்டுகிறேன். ஐடஹோ ஆட்டம் எல்லாம் பொய்.

அறுவடை முன்னாலேயே முடிந்து, நான் அந்தப் பொய்யை எழுதிய அன்று அப்பா வழியில் இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. போன புதன்கிழமை காலை மளிகைக் கடைக்குப் பின்னால் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது.

"இது இன்னைக்குச் சுட்டதா?"

திரும்பினால் அப்பா. நல்ல சட்டை போட்டிருந்தார், கைகள் பாக்கெட்டில்.

"திங்கக்கிழமையும் நேத்தும் ஆட்டம் பாத்தேன்" என்றார். "நல்லாத்தான் ஆடறானுங்க. அந்த மூணாவது பேஸ்ல நிக்கற பையன் கெட்டிக்காரன்."

"அப்பா..."

"பந்து வீசறவங்களுக்கு முறை வெச்சுத்தான் குடுப்பாங்கன்னு லுவான் சொல்லியிருந்தா. மொத நாள் உன் முறை இல்லைன்னு நெனச்சேன். ஆட்டம் முடியறவரைக்கும் உக்காந்திருந்தேன், நடுவுல எறக்குவாங்களோன்னு. நேத்தும் அப்படித்தான். அப்புறம் பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, கேலன் வீபர் எப்ப வீசுவான்னு கேட்டேன். அது நீ தங்கியிருக்கற வீட்டுக்காரம்மாவாம்."

அக்கா, அந்த இரண்டு நாளும் நான் மைதானத்திலிருந்து மூன்று தெரு தள்ளி மாடியில் படுத்திருந்தேன். அங்கே கூட்டம் கத்துவது என் ஜன்னலுக்குக் கேட்கும். அந்தக் கூட்டத்தில் அப்பா உட்கார்ந்து, ஒவ்வொரு முறை பந்து வீசுகிறவன் மாறும்போதும் எழுந்து எட்டிப் பார்த்திருக்கிறார். மிஸஸ் டட்டில்தான் பிறகு சொன்னார்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நாள் முழுக்க என்னோடு வந்தார். ஊருக்கு ஊர் இறங்கித் தட்டு தூக்கினார். "இடுப்பு வலிக்கும்ப்பா" என்றால் "எந்த இடுப்பு?" என்றார். கடைசிக் கடை முடிந்ததும், "கையைக் காட்டு" என்றார். மாட்டுக் காலைப் பிடித்துப் பார்ப்பாரே, அதேபோல முழங்கையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மடக்கினார். நான் பல்லைக் கடித்தேன்.

"ஒரு மாட்டுக்கு இப்படி இருந்தா நான் அதைக் கொட்டகையை விட்டு வெளிய விட மாட்டேன். இதை வெச்சுக்கிட்டா வீசின?"

"ஆமாப்பா."

"ஏன் சொல்லல?"

"நீங்க தீவனக் கடையில எல்லார்கிட்டயும்..."

"அது நான் பேசின பேச்சு. அதுக்கு நீ எதுக்குடா இங்க ஒளிஞ்சுக்கிட்டு ரொட்டி விக்கணும்?"

மறுநாள் காலை புறப்பட்டார். காரில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி, "ஆட்டம் நல்லா இருந்துச்சு. உக்காந்த எடத்துக்கே பீர் கொண்டுவந்து குடுக்கறான்" என்றார். பிறகு போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்துவிடட்டுமா? சொல். வருகிறேன். வலது கையாலும் பால் கறக்கும் மெஷினை மாட்ட முடியும்.

உன் தம்பி
கேலன்

*

லேக் ஆக்னஸ்
2 செப்டம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

அப்பா சுகமாக வந்து சேர்ந்தார். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, "இளைச்சுட்டான். வண்டி நல்லா ஓட்டறான்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு முன்பே தெரியும், கேலன். ஜூலை இருபத்தெட்டு உன் பிறந்த நாள். மைதானத்து ஆபீசுக்குப் போன் செய்தேன், உன்னைக் கூப்பிடச் சொல்லலாம் என்று. எடுத்தவர், "வீபரா? அந்த இடது கைப் பையனா? அவனைத் திங்கக்கிழமையே அனுப்பிட்டாங்களேம்மா. வீட்டுக்கு வரலையா?" என்றார். "வந்துட்டான், வந்துட்டான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

பிறகு உனக்கு எழுத முடியவில்லை. வேலை அதிகம் என்று எழுதினேனே, அது இல்லை காரணம். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. "அப்போ கேலன் வீட்டுக்கு வந்துடுவான். நான் போகலாம்" என்றுதான் வந்தது. அடுப்பில் இருந்த பாத்திரத்தை இறக்குவதற்குள் ஆரிகனில் ஒரு வீட்டுக்குத் திரைச்சீலைகூட மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் நீ அங்கே தனியாக என்ன செய்கிறாயோ என்ற நினைப்பே வந்தது. என் தம்பியின் கை போனதில் நான் சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம்தான், ஆனாலும் பட்டேன்.

அப்பாவிடமும் சொல்லவில்லை. புறப்பட்ட அன்று காலை சொல்லிவிடலாம் என்று காருக்கே போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சீட்டியடித்துக்கொண்டிருந்தார். அவர் சீட்டியடித்து நான் கேட்டதே இல்லை. "சாண்ட்விச் வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது நீ "வரட்டுமா" என்று கேட்கிறாய். நான் எதற்காக "வா" என்று சொல்வேன் என்று எனக்குத் தெரிவதால், வராதே என்று சொல்கிறேன். உனக்காக வருவதானால் வா. எனக்காக வராதே. டெல்மரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கையைக் கவனித்துக்கொள்.

லுவான்

*

லேக் ஆக்னஸ்
2 அக்டோபர் 1983

கேலனுக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இரு. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் நீதான் படித்தவன், திருத்திக்கொள்.

டெல்மர் ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள் கொட்டகைக்கு வந்தான். நான் கறவையில் இருந்தேன். வெகுநேரம் நின்றான். என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம். உங்க மாடுங்களை ஒருதரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். ஆறு வருஷமா அதுங்ககிட்டதானே தோத்துக்கிட்டிருக்கேன்" என்றான். எனக்கு விளங்கவில்லை. அவன் விளக்கினான்.

அவன் போனபின் யோசித்தேன். உன் அக்கா எனக்காக இங்கே இருக்கிறாள். நீ எனக்காக அங்கே ஒளிந்திருந்தாய். நான் யாருக்காக இந்த மாடுகளை வைத்திருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். உங்கள் இரண்டு பேருக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மாடுகளை லாரன்சுக்கு விலை பேசி விற்றுவிட்டேன். நேற்று வந்து ஓட்டிக்கொண்டு போனார். நிலத்தையும் அவரே உழுவார். லுவான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பெட்டி கட்டினாள். வெள்ளிக்கிழமை அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். டெல்மருக்குப் போன் செய்து, எந்த நிலையத்தில் நிற்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

இன்று ஐந்து மணிக்குக் கொட்டகைக்குப் போய் நின்றேன். பழக்கம். பிறகு வந்து இதை எழுதுகிறேன்.

உன் கை எப்படி இருக்கிறது? டாக்டர் என்ன சொன்னார் என்பதை எழுது.

அப்பா

*

கூஸ் பே, ஆரிகன்
22 ஜனவரி 1984

அன்புள்ள கேலன்,

இங்கே மழை, மழை, மழைதான். அது தவிர நாங்கள் இருவரும் சௌக்கியம். டெல்மருக்குச் சளி.

கல்யாணத்துக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. என் மேல் கோபமா? நான் எழுதியதற்காக நீ கோபப்பட்டால் அது நியாயம்தான். பட்டுவிட்டு எழுது. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறார். ஊரில் சீட்டாட்டம் கற்றுக்கொண்டிருக்கிறார், தோற்கிறார், லாரன்ஸ் ஏமாற்றுகிறார் என்கிறார்.

மறுபடி பந்து வீசுவாயா என்று நான் கேட்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன்.

அன்புடன்
லுவான்

*

பைன் ஃபோர்க், மொன்டானா
24 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்கா, அத்தான்,

நீங்கள் இருவரும் மழையில் கரையாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் சளி இதற்குள் போயிருக்கும்.

கோபம் இல்லை, அக்கா. சும்மா கோபம் மாதிரி நடித்துப் பார்த்தேன், வரவில்லை. எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்க ரொட்டி போட்டேன், தூங்கினேன். யாராவது "நீ அந்தப் பந்து வீசின பையன்தானே?" என்று கேட்டால் இல்லை என்றேன். டாக்டர் முழங்கையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "குழந்தையைத் தூக்கலாம். வேகமா எதையும் எறியக் கூடாது" என்றார்.

பிப்ரவரியில் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ரொட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வந்து, "கணக்குல பட்டம் வாங்கினவன் ரொட்டி போட வர்றான்னு சமையக்காரம்மா சொல்றாங்களே, நீங்கதானா?" என்றார். கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்தார். தட்டுகளை அங்கேயே வைத்துவிட்டுப் பின்னத்தைக் கழிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் போனேன். அன்று பாதி வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது, சட்டையெல்லாம் மாவு. அடுத்த வருஷத்துக்கும் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கப் போகிறேன். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது.

ஈஸ்டருக்கு அப்பா வந்திருந்தார். அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்து மைதானத்தைக் காட்டினேன். ஓரத்தில் இன்னும் பனி கிடக்கிறது. விளையாட்டுச் சாமான் அறையில் மட்டைகளைப் பார்த்ததும் அப்பா ஒன்றை எடுத்துக் கனம் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு போடேன்."

"என்னப்பா?"

"பந்தைத்தான். நீ வீசி நான் பாத்ததே இல்லையே."

"வேகமா வீச முடியாதுப்பா."

"எனக்கு மட்டும் வேகமா அடிக்கத் தெரியுமா? போடு."

பந்து வீசும் மேட்டில் ஏறி நின்றேன். ஜூலைக்குப் பிறகு அன்றுதான் ஏறினேன். கையைத் தாழ்வாக வைத்து, குழந்தைக்குப் போடுவதுபோல் போட்டேன். மட்டையைச் சுற்றினார், பந்து எங்கேயோ, மட்டை எங்கேயோ. தொப்பி விழுந்தது. "இப்படித்தான் கல்லூரியிலயும் எல்லாரையும் முழிக்க வெச்சியா?" என்றார். இரண்டாவதும் அதேதான். பந்தை அவரே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து எனக்கு எறிந்தார்.

"அப்பா, பந்தைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க."

"உன்னைப் பாக்கத்தானேடா வந்தேன்" என்றார்.

மூன்றாவது பந்து மட்டையின் நுனியில் பட்டு மூன்றாவது பேஸ் பக்கம் ஈரப் புல்லில் மெதுவாக உருண்டது. அப்பா ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மட்டையைப் போட்டுவிட்டு ஓடினார், அக்கா. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய, கைகள் இரண்டும் எங்கெங்கோ போக, அறுபத்து மூன்று வயது மனிதர், அடித்தவன் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸுக்கு ஓடினார். நான் பந்தை எடுத்தேன். எறிந்தால் வாங்க அங்கே ஆளில்லை. கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன்.

பேஸ் மேல் இரண்டு காலையும் வைத்து நின்று மூச்சு வாங்கினார்.

"அவுட்டா?"

"இல்லப்பா. நீங்க வந்துட்டீங்க."

"அப்ப இங்கயே நிக்கணும்ல?"

"ஆமா. அடுத்தவன் வந்து அடிச்சாத்தான் ஓடலாம்."

"சரி, அடிக்கச் சொல்லு" என்று முட்டியில் கைகளை ஊன்றிக் குனிந்துகொண்டு தயாராக நின்றார். கோல்டரில் அந்த இரண்டு நாளும் ஆட்டக்காரர்கள் அப்படி நிற்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

மைதானத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. இறங்கி வரச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் இரண்டாவது பேஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் நான் நடந்து போய், கீழே கிடந்த மட்டையை எடுத்துக்கொண்டேன். பந்தைத் தலைக்கு மேல் நானே தூக்கிப் போட்டு, முடிந்த மட்டும் தூரமாக அடித்தேன், அப்பா ஓடுவதற்காக.

உங்கள்
கேலன்